ஆரியகுளம் நாக விகாரைக்குள் சாதாரண நாளில் போய் இருக்கலாமா?

ஆரியகுளத்தடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலை செய்கிற இடம் ஸ்ரான்லி வீதியில் இருக்கிறது. மத்தியானம் ஒரு மணித்தியாலம் இடைவேளை. உள்ளே இருந்தால் அந்த நேரத்திலும் யாராவது கோப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெளியே வந்தால் பஸ், ஓட்டோ, லொத்தர்ச் சீட்டு விற்கிறவரின் ஒலிபெருக்கி, ரயில் வந்ததும் ஸ்ரேசன் பக்கமிருந்து ஒரேயடியாகப் பாய்கிற வாகனங்கள். ரவுணுக்குள் ஒரு மனிசி கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பதற்கு இடம் தேட வேண்டியிருக்கிறது.

கோவிலுக்குப் போகலாமே என்பீர்கள். மத்தியானப் பூசை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள், பின்னேரம்தான் திரும்பத் திறப்பார்கள். எனக்குக் கிடைக்கிற நேரம் சரியாக அந்த மூடிய வேளைக்குள் விழுகிறது.

ஆரியகுளம் சந்தியில் நாக விகாரை இருக்கிறது. அதன் மதிலைக் கடந்துதான் தினமும் போய் வருகிறேன். படலை திறந்திருக்கிறது, உள்ளே நிழல் தெரிகிறது, சாதாரண நாளில் ஆட்களைக் காண்பது குறைவு. இவ்வளவு காலமும் உள்ளே போகவில்லை. நான் சைவம், மதம் மாறுகிற எண்ணம் இல்லை. சும்மா போய் ஒரு ஓரமாக இருந்துவிட்டு வர அனுமதி உண்டா? யாரிடமும் கேட்க வேண்டுமா? என்ன செய்யக் கூடாது? அம்மாவிடம் சொன்னேன். "அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார். அம்மா அப்படிக் கேட்பதற்கு இந்த ஊரில் காரணம் இல்லாமல் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

கொக்குவில் சைக்கிள் எழுதியது:

நான் போயிருக்கிறேன் அக்கா. கம்பஸ் முதல் வருடத்தில் சிங்கள நண்பன் ஒருவனோடு போனேன், பிறகு தனியாகவும். யாரும் எதுவும் கேட்கவில்லை. சனி ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) வேண்டாம். நயினாதீவு விகாரைக்குப் போகிற யாத்திரிகர்கள் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். பாடசாலை விடுமுறைக் காலமும் அப்படித்தான். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் பாருங்கள்.

பதுளைப் பிள்ளை எழுதியது:

தங்கச்சி, நான் மலையகத்தில் பிறந்து யாழ்ப்பாணத்தில் கல்யாணம் செய்தவள். பதுளை ரவுணின் நடுவிலேயே முதியங்கன விகாரை இருக்கிறது. பஸ் நிலையத்துச் சத்தம், மரக்கறிச் சந்தை எல்லாம் எட்டிய தூரம்தான். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே போய் மரத்தடியில் இருப்போம். பாடம் படித்திருக்கிறோம், சண்டை பிடித்திருக்கிறோம். எங்கள் அம்மாக்கள் பரீட்சைக் காலத்தில் அங்கே விளக்கும் ஏற்றினார்கள், அதே கையால் மாரியம்மன் கோவிலில் தேங்காயும் உடைத்தார்கள். அதனால் பன்சலைக்கு, அதாவது விகாரைக்குப் போவதை இவ்வளவு பெரிய கேள்வியாக இங்கே கேட்டபோது முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இங்கே வந்து சில வருடம் வாழ்ந்த பிறகுதான் ஏன் என்று விளங்கியது.

கேட்டதற்குப் பதில். அனுமதி கேட்கத் தேவையில்லை. செருப்பைக் கழற்ற வேண்டும், தொப்பி போட்டிருந்தால் அதையும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. வெள்ளை உடுப்பு கட்டாயம் இல்லை, போயா நாளில் சில் எடுத்து விரதம் இருக்கிறவர்கள்தான் முழு வெள்ளையில் வருவார்கள். எங்கள் கோவில் பழக்கம் உள்ள ஆளுக்கு இதெல்லாம் புதிதில்லை. மத்தியானத்தில் மணலும் சீமெந்தும் கொதிக்கும், நிழல் பார்த்து நடவுங்கள்.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கக் கூடாது. இதை மட்டும் மறக்க வேண்டாம். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் இதனால் பொலிஸ், நீதிமன்றம் என்று அலைந்திருக்கிறார்கள். சிலையின் முன்னால் கால் நீட்டி இருக்கவும் கூடாது. பிக்கு எதிரே வந்தால் எழுந்து நின்று கும்பிட்டால் போதும். பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது.

பூ கொண்டுபோக விரும்பினால் எந்தப் பூவும் சரி. தாமரை, நீலோற்பலம், அரலி, வீட்டு நந்தியாவட்டை. கொண்டுபோகும் வழியில் மணந்து பார்க்கக் கூடாது, அதுவும் எங்களுக்குத் தெரிந்த வழக்கம்தானே. ஒன்றும் கொண்டுபோகாமல் போனாலும் குறை இல்லை.

நீங்கள் சொல்கிற நேரம் நல்ல நேரம். பிக்குமார் மத்தியானத்துக்கு முன்னரே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், பிறகு அடுத்த நாள் விடியும் வரை கெட்டியான உணவு இல்லை. தானம் கொண்டுவருகிற குடும்பங்கள் பதினொரு மணியளவில் வந்து போய்விடும். அதன் பிறகு பின்னேரப் பூசை வரை வளவு ஓய்ந்து கிடக்கும்.

குருநகர்க் கரை எழுதியது:

நான் கத்தோலிக்கன். எங்கள் மாதா கோவில்களில் ஆராதனை இல்லாத நேரத்தில் வாங்கில் போய் இருக்கிற சைவச் சகோதரங்களைக் கனபேரைப் பார்த்திருக்கிறேன். யாரும் எழுப்பி விடுவதில்லை. வழிபாட்டு இடத்தில் சும்மா இருக்கிற உரிமை எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். போய் வாருங்கள்.

தையிட்டிப் படலை எழுதியது:

நான் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம்.

1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது. உயர் பாதுகாப்பு வலயம் என்று இராணுவம் அடைத்துவைத்த நிலத்துக்குள் தையிட்டியில் திஸ்ஸ விகாரை எழுந்தது. அது தனியார் காணி, காணி உறுதி (பத்திரம்) வைத்திருக்கிற சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார்கள். 2023இலிருந்து அங்கே போயா நாட்களில் காணியைக் கேட்டு மக்கள் போய் இருக்கிறார்கள். மற்றவர்களுக்குப் போயா என்றால் வெள்ளை உடுப்பும் பூத்தட்டும். எங்களுக்குப் பதாகையும் பொலிஸ் தடுப்பும்.

எனக்குப் புத்தரோடு பகை இல்லை. ஆனால் வெள்ளைத் தூபியைக் கண்டாலே எனக்கு எங்கள் வளவுதான் நினைவுக்கு வருகிறது. அதன் நிழலில் போய் அமைதி தேடு என்றால் என்னால் முடியாது. நீங்கள் போவதைத் தடுக்கவும் எனக்கு உரிமை இல்லை. போகிறவர்கள் இதை மறந்துவிட்டுப் போக வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன்.

நெறியாளர்:

இழை நல்லபடி போகிறது. ஒரு வேண்டுகோள்: பிக்குமார், இராணுவத்தினர், காணிக்காரர் யாருடைய பெயரையும் எழுத வேண்டாம். ஆத்திரத்தை எழுதுங்கள், ஆட்களை எழுத வேண்டாம்.

வடலி எழுதியது:

தம்பி தையிட்டி, நீர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் குறைக்க மாட்டேன். காணி காணிக்காரனுக்குத்தான். அதற்குப் பிறகும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பௌத்தம் யாழ்ப்பாணத்துக்கு ஆமிக்காரனோடு வந்தது என்று இளம் ஆட்கள் நம்புகிறார்கள். அப்படி நம்ப வைத்தது இந்த முப்பது நாற்பது வருட அனுபவம், அவர்களில் பிழை இல்லை. ஆனால் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் கந்தரோடை இருக்கிறது. முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்) செய்த சின்னச் சின்னத் தூபிகள் ஒரு தோட்டத்துக்கு நடுவே கூட்டமாக நிற்கின்றன. 1917 அளவில் போல் ஈ. பீரிஸ் அங்கே தோண்டினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து தோண்டியபோது, அது பௌத்தத்துக்கும் முந்திய பெரிய குடியிருப்பு, தென்னிந்தியாவோடு நெருங்கிய தொடர்புள்ள இடம் என்பது தெரியவந்தது. வல்லிபுரத்தில் 1936இல் ஒரு பொன்னேடு கிடைத்தது. ஏறத்தாழ 1,900 வருடத்துக்கு முந்தியது, அநுராதபுரத்து வசப மன்னன் காலம். நாகதீபத்தில், அதாவது அந்தக் காலத்து யாழ்ப்பாணப் பகுதியில், விகாரை கட்டிய செய்தி அதில் இருக்கிறது. வல்லிபுரத்தில் எடுத்த புத்தர் சிலை ஒன்றை 1906இல் தேசாதிபதி ஹென்றி பிளேக் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசருக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் மண்ணிலிருந்து போன சிலை அது.

அந்தப் பௌத்தர்கள் யார்? இங்கேதான் இரண்டு பக்கமும் அவசரப்படுகிறார்கள். தூபியைக் கண்டால் சிங்களவர் வாழ்ந்த இடம் என்று ஒரு பக்கம் எழுதுகிறது. தூபி எங்களுக்குச் சொந்தமில்லை என்று மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டாவது பக்கம் செய்வது முதலாவது பக்கத்துக்குத்தான் உதவி. தமிழர் கைவிட்ட வரலாற்றை வேறொருவர் எடுத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலன் மகள் மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் காண்கிறாள். இரண்டு நாக அரசர்கள் உரிமை கேட்டுச் சண்டையிட்ட ஆசனம் அது. புத்தர் வந்து அந்தப் பகையைத் தணித்தார். கோமுகிப் பொய்கையிலிருந்து வைகாசி விசாகத்தன்று அமுதசுரபி மேலே வருகிறது, தீவதிலகை அதைக் காட்டிக் கொடுக்கிறாள். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். மகாவம்சத்திலும் அதே கதை: மகோதரன், சூளோதரன் என்று இரண்டு நாக அரசர், மணி பதித்த ஆசனம், நாகதீபம், புத்தர் வருகை. பாளியில் பிக்குமார் எழுதி வைத்த கதையும் தமிழில் சாத்தனார் பாடிய கதையும் ஒரே தீவில் ஒரே ஆசனத்தைச் சுற்றி நடக்கின்றன. இதைப் படித்த பிறகு நாக விகாரையை வெறும் அந்நிய வீடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. வீரசோழியம் என்ற இலக்கணத்தைச் செய்த புத்தமித்திரனார் பௌத்தர். சோழன் வீரராசேந்திரன் பெயரில் செய்தார். அதை 1881இல் அச்சில் கொண்டுவந்தவர் யார்? எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. யாழ்ப்பாணத்துச் சைவர் ஒருவர் ஏடு தேடி, செல்லும் கறையானும் அரித்ததைச் சேர்த்து, பௌத்தர் செய்த நூலைக் காப்பாற்றினார். தமிழ் என்ற ஒரே காரணம் அவருக்குப் போதுமாக இருந்தது. திருகோணமலையில் வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர், அங்கே தமிழ்க் கல்வெட்டுகளில் தமிழர் கொடுத்த விளக்கும் பசுவும் எழுதியிருக்கிறது. இராசராசன் பெரிய சிவபக்தன், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் ஊரையே விட்டுக்கொடுத்தான்.

தங்கச்சி, போய் இரும். நீர் போகிற இடம் உமக்குப் புறம்பானது இல்லை.

தையிட்டிப் படலை எழுதியது:

மாஸ்டர், கந்தரோடையும் வல்லிபுரமும் எனக்குப் பெருமைதான். ஒரு கேள்வி. இந்த வரலாற்றை நாங்கள் எடுத்துச் சொல்லத் தொடங்கினால் அதையே காட்டி இன்னும் நாலு இடத்தில் வேலி போட மாட்டார்களா? இங்கே தூபி இருந்தது, ஆகவே இது விகாரைக் காணி என்று?

வடலி எழுதியது:

அந்தப் பயம் நியாயம். போடுகிறார்கள், கண்ணால் பார்க்கிறோம். ஆனால் நாங்கள் வாயை மூடியிருந்தபோதும் போட்டார்கள்தானே? மூடியதால் ஒரு பரப்புக் காணியும் மிஞ்சவில்லை. தமிழ்ப் பௌத்தம் என்று ஒன்று இருந்தது, ஆட்கள் பிறகு சைவத்துக்குத் திரும்பினார்கள், நிலம் அதே ஆட்களின் கையில் இருந்தது என்று சான்றோடு சொல்லத் தெரிந்தவர்கள் நூறு பேர் இருந்தால், தொல்பொருள் என்று பலகை நடுகிற இடத்தில் நின்று பேசலாம். தெரியாதவன் என்ன பேசுவான்?

மார்க்கம் பனி எழுதியது:

கனடாவிலிருந்து வாசிக்கிறேன். எண்பதுகளுக்கு முன்பு ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் வளர்ந்தவன். அப்போது ரவுணில் சிங்களப் பேக்கரிக் குடும்பங்கள் இருந்தன, சிங்கள மகா வித்தியாலயம் இருந்தது. நாக விகாரை அந்த ஆட்களின் அயல் கோவில். வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு பார்க்க நாங்கள் சின்னப் பிள்ளைகள் மதிலடிக்குப் போவோம், மூங்கில் சிலாகையில் தாள் ஒட்டின கூடுகள், உள்ளே மெழுகுதிரி. காற்றடித்தால் ஒன்று பற்றி எரியும், எல்லோரும் கத்துவோம். பாண் வாங்கப் போகிற கடைக்காரரின் மகன் எங்களுக்கும் ஒரு கூடு கட்டித் தந்தான். பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர்களும் போனார்கள், நாங்களும் போனோம். அயல் இல்லாமல் போன அயல் கோவில் என்று அதை நினைக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும்.

கொக்குவில் சைக்கிள் எழுதியது:

இது எனக்குத் தெரியாது ஐயா. எனக்குத் தெரிந்த நாக விகாரை யாத்திரிகர்களும் சீருடைக்காரர்களும் வருகிற இடம் மட்டும்தான். ரவுணில் வாழ்ந்த குடும்பங்கள் கும்பிட்ட கோவில் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

ஆரியகுளத்தடி எழுதியது:

போய் வந்தேன். கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

படலையடியில் செருப்பை விட்டேன். யாரும் இல்லை. பதுளை அக்கா சொன்ன மாதிரி நிலம் கொதித்தது, வெள்ளரச மரத்தடி வரை கிட்டத்தட்ட ஓடித்தான் போனேன். மரத்தைச் சுற்றிக் கட்டு இருக்கிறது, அதன் நிழல் பக்கம் போய் இருந்தேன்.

சத்தம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அதே கோர்ன், அதே பஸ். ஆனால் அதில் எதற்கும் நான் விலகவோ திரும்பிப் பார்க்கவோ தேவையில்லை, அதுதான் வித்தியாசம். வீதியில் ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு ஒரு வேலை செய்கிறது, இங்கே செய்யத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் கிட்டே இருக்கிற சத்தங்கள் கேட்கத் தொடங்கின. அரசிலை காற்றே இல்லாமலும் அசைகிறது, காம்பு நீளம் என்பதால் இருக்க வேண்டும். மழை தூறுவது போன்ற சத்தம் அது. பின்பக்கம் யாரோ ஈர்க்குமாறால் கூட்டுகிற சத்தம். காகம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. கோவிலுக்குப் போனால் நான் எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டுதான் நிற்பேன். தம்பியின் விசா, அம்மாவின் சீனி வருத்தம், வேலை நிரந்தரமாக வேண்டும். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போதே மனதுக்குள் பட்டியல் ஓடும். அங்கே இருந்தபோது கேட்க ஒன்றும் வாயில் வரவில்லை. புத்தரிடம் விசா கேட்கலாமா கூடாதா என்றே எனக்குத் தெரியாது. அதனால் ஒன்றும் கேட்காமல் இருந்தேன். ஒன்றும் கேட்காமல் ஒரு கோவிலில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை.

கூட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைக் கண்டு சிரித்தார், சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கினது "ஊர் எது" என்பது மட்டும். "யாழ்ப்பாணம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, நான் இருந்த பக்கத்தைக் கூட்டாமல் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்ததையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நேர்மை இல்லை. நான் எழும்ப நினைத்த நேரம் சீருடையில் ஒரு பெடியன் வந்தான். என் தம்பியை விடச் சின்னவன். எனக்கு உடம்பு விறைத்துவிட்டது. சின்ன வயதில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற கை அது, அதற்கு வயது போகாது. அவன் சப்பாத்தையும் தொப்பியையும் கழற்றிவிட்டு, குடத்தில் தண்ணீர் மொண்டு, மரத்தைச் சுற்றி ஊற்றினான். என்னைப் பார்க்கவே இல்லை. முழங்காலில் இருந்து ஏதோ சொன்னான், குரல் கேட்கவில்லை. நான் எழும்பிப் போகலாம் என்று நினைத்தேன், பிறகு போகவில்லை. இந்த மரத்தடியில் இருக்க அவனுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு எனக்கும் இருக்கிறது என்று பட்டது. எனக்கு முன்னால் அவன் போனான்.

பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். போகவில்லை. ஆனாலும் திரும்பப் போவேன்.

பதுளைப் பிள்ளை எழுதியது:

எவ்வளவு உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி. விசா கேட்பது பற்றி: கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்தான், வெள்ளரசுக்குத் தண்ணீர் ஊற்றுவதே பெரும்பாலும் நேர்த்திக்குத்தான். கிரகதோஷம், நோய், பரீட்சை எல்லாவற்றுக்கும் போதி பூசை உண்டு. பல பன்சலைகளில் விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினித் தெய்வம் என்று தேவாலயங்களும் உள்ளேயே இருக்கும், கேட்கிறவற்றை அங்கே கேட்பார்கள். பத்தினி என்பது எங்கள் கண்ணகிதான். புத்தரின் முன்னால் பூ வைக்கும்போது சொல்கிற பாளி வரிகளில் வரம் கேட்பது இல்லை. இந்தப் பூ வாடுகிறது, என் உடம்பும் அப்படியே வாடிப் போகும் என்பதுதான் அதன் பொருள்.

குருநகர்க் கரை எழுதியது:

கூட்டிக்கொண்டிருந்த அம்மா சுற்றிக்கொண்டு போனாரே, அதை இரண்டு தடவை வாசித்தேன்.

தையிட்டிப் படலை எழுதியது:

அக்கா, வாசித்தேன். அந்தப் பெடியனைப் பற்றி எழுதினதை வாசிக்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் எழுதினது சரி. அவனும் ஏதோ ஒரு வயல் காட்டுக் கிராமத்திலிருந்து சம்பளத்துக்கு வந்தவனாக இருக்கலாம், எனக்கு அது விளங்காமல் இல்லை. அவன் ஊரில் அவனுடைய வீட்டு வளவு அவனுக்கு இருக்கிறது. எனக்கு அதுதான் வித்தியாசம்.

ஒரு உதவி. அங்கே தெற்கிலிருந்து வருகிற சனத்தோடு கதைக்க வாய்ப்புக் கிடைத்தால் தையிட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு அது தனியார் காணி என்றே தெரியாது. காட்டுக்குள் இருந்த பழைய விகாரையைத் திருத்திக் கட்டினது என்று நினைத்துக்கொண்டு கும்பிட வருகிறார்கள்.

பதுளைப் பிள்ளை எழுதியது:

தம்பி, அதை நான் செய்கிறேன். எனக்குச் சிங்களம் ஓடும். சென்ற வருடம் நயினாதீவுப் படகில் குருநாகல் பக்கத்து ஆச்சி ஒருவரோடு இதைப் பற்றிக் கதைத்தேன். கொடாத இடத்தை எடுத்துக் கட்டினால் அது பஞ்ச சீலத்தில் இரண்டாவதுக்கே பிழை என்று அவர் வாயால்தான் சொன்னார். தராததை எடுக்க மாட்டேன் என்பதுதான் இரண்டாவது சீலம். ஒவ்வொரு போயாவும் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். எங்கள் நியாயத்தை அவர்களுடைய சொல்லிலேயே சொல்லலாம், கேட்பார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

தையிட்டிப் படலை எழுதியது:

நன்றி அக்கா. இது எனக்குத் தெரியாத விசயம். அடுத்த பதாகையில் இதை எழுதலாம் போல இருக்கிறது, சிங்களத்தில் சரியாக எழுதித் தருவீர்களா?

பதுளைப் பிள்ளை எழுதியது:

இன்றிரவே எழுதி அனுப்புகிறேன். பாளியிலும் சேர்த்து.

மார்க்கம் பனி எழுதியது:

மாஸ்டர், அடுத்த வருடம் பிள்ளைகளோடு வர இருக்கிறேன். நாக விகாரைக்குக் கூட்டிப் போவேன். கந்தரோடைக்கும் போக வேண்டும். அவர்களுக்கு வரலாறு என்றால் நல்லூரும் கோட்டையும் மட்டும்தான் தெரியும். எப்படிப் போவது?

வடலி எழுதியது:

காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் சுன்னாகத்தில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள், ரயிலிலும் சுன்னாகம் வரை போகலாம். கந்தரோடை விகாரை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். சிங்களத்தில் கதுருகொட என்று பலகை இருக்கும். காலையில் போங்கள், வெயில் ஏறினால் கல்லில் கால் வைக்க முடியாது. பிள்ளைகளைத் தூபிகளில் ஏற விட வேண்டாம், முருகைக்கல் பொருபொரு என்று உதிரும். சுற்றிவர மிளகாய், வெங்காயத் தோட்டங்கள். அங்கே தோட்டம் செய்கிறவர்களோடு கதையுங்கள், மண்வெட்டியில் பழைய ஓட்டுத் துண்டும் காசும் அகப்பட்ட கதை பலரிடம் இருக்கிறது.

மாதகல் சம்புகோளத்தையும் சேர்த்துப் பார்க்கலாம், சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கிய துறை என்று மகாவம்சம் சொல்கிற இடம். இப்போது இருக்கிற கட்டடங்கள் புதியவை, கடற்படை கட்டினது. கடற்கரையைப் பாருங்கள், அது பழையது.

கொக்குவில் சைக்கிள் எழுதியது:

மாஸ்டர், கந்தரோடைக்கு எங்களையும் ஒரு நாள் கூட்டிப் போவீர்களா? கம்பஸ் பெடியள் சிலர் கேட்கிறார்கள். சைக்கிளில் வருகிறோம்.

வடலி எழுதியது:

வருகிற ஞாயிறு, காலை ஆறரைக்கு மருதனார்மடம் சந்தியில் நிற்பேன். தண்ணீர் கொண்டு வாருங்கள். குறிப்பெடுக்கக் கொப்பியும் பேனையும் கட்டாயம்.

தையிட்டிப் படலை எழுதியது:

நானும் வரலாமா?

வடலி எழுதியது:

உமக்குக் கட்டாயம் வேண்டும் தம்பி. காணி உறுதியில் நாலு எல்லை எழுதுவது எப்படி என்று உமக்குத் தெரிந்திருக்கும், அதையும் பெடியளுக்குச் சொல்லிக் கொடும்.